வீட்டுக்குள் ஒரு துண்டு வெயில்

செடி வளர்க்க என்னென்ன வேண்டும்? யாரைக் கேட்டாலும் உடனே சொல்வார்கள். மண் வேண்டும். தண்ணீர் வேண்டும். கொஞ்சம் எரு வேண்டும். வெளிச்சத்தை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் பொருளை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

செடியின் சமையலறை அதன் இலை. வேர் தண்ணீர் கொண்டுவந்து தருகிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவை இலை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. அந்தச் சமையலுக்கு அடுப்பு எது? வெளிச்சம்தான். எரு என்பது உப்பு, புளி மாதிரி. அடுப்பு எரியாத வீட்டில் உப்பையும் புளியையும் கொட்டி என்ன பயன்?

திருவனந்தபுரத்தில் இந்த அடுப்பு பல வீடுகளில் சரியாக எரிவதில்லை. கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதிகளில் பழைய அக்கிரகாரத் தெருக்கள் உண்டு. அங்கே வீடுகள் நீளமானவை. ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். வாசலில் கொஞ்சம் வெளிச்சம், முற்றத்தில் கொஞ்சம் வெளிச்சம், நடுவில் பகலிலும் விளக்கு. இப்போது பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு சின்ன பால்கனி இருக்கும். அதற்கு நேர் எதிரே இன்னொரு கட்டடம் நிற்கும்.

மழையும் சேர்ந்துகொள்ளும். ஜூன் மாதம் இடவப்பாதி மழை தொடங்குகிறது. அது ஓய்ந்ததும் அக்டோபரில் துலாவர்ஷம் வந்துவிடும். மாடியில் போட்ட விதை முளைத்து இரண்டு இலை விடும்போது மழை அடித்துப் போகும். அல்லது தண்டு அழுகி விழும். வீட்டுக்குள் எடுத்து வைத்தால் நாற்று வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, சாய்ந்துவிடும்.

அப்போதுதான் ஒரு யோசனை வருகிறது. அலங்காரத்துக்குச் சுவரில் ஒட்டுகிறார்களே, எல்.இ.டி. பட்டை விளக்கு! கடையில் ஸ்ட்ரிப் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைக் கொண்டு செடிக்கு வெளிச்சம் கொடுக்க முடியுமா?

முடியும். ஆனால் கடைக்குப் போகும் முன்னால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மீட்டர் பட்டை, எந்த அடாப்டர், மின்கட்டணம் எவ்வளவு கூடும், அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

தும்பாவில் போட்ட கணக்கு

விளக்கு வெளிச்சத்தில் செடி வளருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. நம் திருவனந்தபுரத்திலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அந்தத் தும்பாவில்தான். அந்த மையத்தில் செடி வளர்க்க ஒரு சின்னப் பெட்டி செய்தார்கள். அதற்குக் கிராப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதில் எட்டுக் காராமணி விதைகளைப் போட்டார்கள். தட்டைப்பயறு என்றும் சொல்வோமே, அதுதான்.

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்பியது. அதில் அந்தப் பெட்டியும் போனது. பெட்டி முழுவதும் மூடியிருந்தது. சூரிய வெளிச்சம் உள்ளே வராது. பிறகு வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள்? எட்டு எல்.இ.டி. விளக்குகள் வைத்தார்கள். நான்கு மஞ்சள் கலந்த வெள்ளை. நான்கு பளிச்சென்ற வெள்ளை. 16 மணி நேரம் எரியும். 8 மணி நேரம் அணைந்திருக்கும். அதாவது பகலையும் இரவையும் அவர்களே உண்டாக்கினார்கள். நான்காம் நாள் விதைகள் முளைவிட்டன. அடுத்த சில நாட்களில் இலையும் தெரிந்தது.

ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். காராமணி முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. பருப்புக்குள் சேர்த்து வைத்த உணவிலேயே அது முளைத்துவிடும். நம் வீட்டில் ஈரத்துணியில் கட்டி வைத்தாலும் முளைக்கிறதே! இலை விரிந்த பிறகுதான் வெளிச்சத்தின் வேலை தொடங்குகிறது. நமக்குப் பாடம் எதில் என்றால், எத்தனை விளக்கு, என்ன நிறம், எத்தனை மணி நேரம் என்று முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் அவர்கள் பெட்டியை மூடினார்கள்.

எவ்வளவு வெளிச்சம்?

அரிசியைக் கிலோவில் அளக்கிறோம். எண்ணெயை லிட்டரில் அளக்கிறோம். ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளக்கிறார்கள்.

உச்சி வெயிலில் மொட்டை மாடியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலில் 10,000 அல்லது 20,000 லக்ஸ் இருக்கும். ஜன்னல் ஓரத்தில் ஆயிரம், இரண்டாயிரம். இரவில் டியூப்லைட் போட்ட அறையில் 200, 300 லக்ஸ்தான்.

இதைப் பார்த்தால் நம்ப முடியவில்லை, இல்லையா? அறை நமக்குப் பளிச்சென்றுதானே தெரிகிறது? நம் கண் தந்திரக்காரக் கண். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்துகொள்கிறது. கூடினால் சுருங்கிக்கொள்கிறது. அதனால் பெரிய வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. செடிக்கு அந்த வசதி கிடையாது. டியூப்லைட் அறையில் வைத்த கீரை பட்டினி கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

கீரைக்கும் நாற்றுக்கும் ஏறக்குறைய 10,000 லக்ஸ் வெளிச்சம் தினமும் 14 மணி நேரம் கிடைத்தால் போதும். உச்சி வெயிலில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் வெயில் உச்சியில் நிற்பது கொஞ்ச நேரம். நம் விளக்கு 14 மணி நேரமும் ஒரே அளவில் எரியும். குறைந்த வெளிச்சத்தை நீண்ட நேரம் கொடுத்து ஈடுகட்டுகிறோம்.

தக்காளி, மிளகாய், வெண்டை காய்க்க வேண்டும் என்றால் இது போதாது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேண்டும். வீட்டுக்குள் விளக்கு போட்டு வெண்டைக்காய் பறிக்கும் ஆசையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. நாற்று வரைக்கும் விளக்கில் வளர்த்து, பிறகு மாடிக்கு அனுப்புவோம்.

எந்த நிறம்?

செடி வளர்க்கும் விளக்கு என்றதும் சிலர் ஊதா நிற வெளிச்சத்தை நினைப்பார்கள். அது சிவப்பும் நீலமும் கலந்த விளக்கு. இலை இந்த இரண்டு நிறங்களைத்தான் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆனால் எல்லாப் பச்சையையும் அது தள்ளிவிடுவதில்லை. நிறையப் பச்சை வெளிச்சமும் இலைக்குள் போய்ப் பயன்படுகிறது.

சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீல எல்.இ.டி.தான் கைக்கு எட்டாமல் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அதைச் செய்து முடித்தார்கள். அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் வாங்கும் வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பதும் அந்த நீல விளக்குதான். அதன் மேல் ஒரு மஞ்சள் பூச்சு இருக்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, வெள்ளை விளக்கில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

ஆகவே வெள்ளையே வாங்குங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊதா வெளிச்சத்தில் இலை பழுத்திருப்பதும் தெரியாது, பூச்சி விழுந்திருப்பதும் தெரியாது. வெள்ளையில் உடனே தெரியும். நிறம் மாறும் ரிமோட் பட்டை வேண்டவே வேண்டாம். அது கல்யாண வீட்டுக்கு ஆகும். அதில் மூன்று நிறமும் பங்கு போட்டுக்கொள்வதால் செடிக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் குறைவு.

தாளில் கணக்கு

நாற்று விடும் குழித்தட்டு பார்த்திருப்பீர்கள். 98 குழி உள்ள தட்டு ஏறக்குறைய 2 அடி நீளம், 1 அடி அகலத்துக்குள் அடங்கிவிடும். இதையே நம் அளவாக வைத்துக்கொள்வோம்.

2 அடி × 1 அடி = 2 சதுர அடி.

கீரைக்கும் நாற்றுக்கும் ஒரு சதுர அடிக்கு 15 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வெள்ளை எல்.இ.டி. பட்டைக்கான கணக்கு. விளக்கு செடிக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அப்படியானால் சுமார் 10,000 லக்ஸ் கிடைக்கும்.

2 × 15 = 30 வாட்.

பட்டை விளக்கில் பல ரகம் உண்டு. மீட்டருக்கு 4.8 வாட் எடுப்பது ஒன்று. 9.6 வாட் எடுப்பது ஒன்று. 14.4 வாட் எடுப்பதும் உண்டு. நாம் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வோம்.

30 ÷ 9.6 = 3 மீட்டரும் கொஞ்சமும். 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

2 அடி என்பது 60 சென்டிமீட்டர். 3 மீட்டரை 60 சென்டிமீட்டராக வெட்டினால் 5 துண்டு கிடைக்கும். ஓர் அடி அகலத்தில் 5 துண்டையும் 6 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டலாம். ஓரத்தில் 3 சென்டிமீட்டர் மிஞ்சும். கணக்கு அழகாகப் பொருந்திவிட்டது!

இனி அடாப்டர். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பட்டைக்கு வேண்டியது 12 வோல்ட். இரண்டுக்கும் நடுவில் நிற்பது அடாப்டர். அது எத்தனை ஆம்பியர் தர வேண்டும்? வாட்டை வோல்ட்டால் வகுக்க வேண்டும்.

3 மீட்டர் × 9.6 = 28.8 வாட். 28.8 ÷ 12 = 2.4 ஆம்பியர்.

2.4 என்று வந்தால் 2.5 ஆம்பியர் வாங்கக் கூடாது. வண்டி மாட்டின் மேல் அது இழுக்கக்கூடிய முழுப் பாரத்தையும் நாள் முழுக்க ஏற்றலாமா? அடாப்டரும் அப்படித்தான். 14 மணி நேரம் நிறுத்தாமல் வேலை செய்யப்போகிறது. கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும். 12 வோல்ட், 3 ஆம்பியர் வாங்குங்கள்.

சாலைக் கடையில்

திருவனந்தபுரத்தில் இந்தச் சாமான்களுக்குச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகலாம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய கடைத்தெரு அது. தமிழ் பேசும் கடைக்காரர்கள் நிறைய. கடையில் பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணாச்சி, வெள்ளை எல்.இ.டி. ஸ்ட்ரிப் வேணும். 12 வோல்ட்."

"சீலிங்குக்கா அக்கா? கலர் மாறுற மாதிரி ரிமோட்டோட புதுசா வந்திருக்கு. எடுத்துக் காட்டட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி. வெள்ளை போதும். மீட்டருக்கு எத்தனை வாட்டுன்னு டப்பாவுல போட்டிருக்கா பாருங்க."

"இது 4.8. இது 9.6."

"9.6 குடுங்க. அடாப்டர் 12 வோல்ட், 3 ஆம்பியர் வேணும்."

"இந்தா, இந்த இரும்புப் பெட்டி எடுத்துக்கோங்க. 5 ஆம்பியரே தரும். விலையும் கம்மி."

"இதுல ஸ்குரூ எல்லாம் வெளியே தெரியுதே. நான் செடிக்குத் தண்ணி ஊத்துற இடம். வீட்டுல பிள்ளைங்களும் ஓடும். மூடின பிளாஸ்டிக் அடாப்டர் குடுங்க. பி.ஐ.எஸ். முத்திரை இருக்கணும்."

"அப்ப இதுதான் சரி. விலை கொஞ்சம் கூட."

"பரவாயில்ல. ஒரு தடவை எரிய விட்டுக் காட்டுங்க."

அந்த அக்கா கேட்டது எல்லாம் தாளில் எழுதிக் கொண்டுபோனது. இரும்புப் பெட்டி பற்றிச் சொன்னதைக் கவனியுங்கள். துளை போட்ட தகரப் பெட்டி மாதிரி இருக்கும் அந்த அடாப்டரில் 230 வோல்ட் கம்பி மாட்டும் திருகுகள் திறந்தே இருக்கும். கடைப் பலகைக்குப் பின்னால், உலர்ந்த இடத்தில், எலக்ட்ரீஷியன் மாட்டித் தந்தால் அதுவும் சரிதான். தண்ணீர் புழங்கும் இடத்தில் அதை வைப்பது ஆபத்து.

பட்டை பெரும்பாலும் 5 மீட்டர் சுருளாகத்தான் வரும். மிச்சம் 2 மீட்டர் இருக்கட்டும். பின்னால் உதவும்.

பூட்டும் முறை

பட்டையில் சில சென்டிமீட்டருக்கு ஒரு முறை கத்தரிக்கோல் படமும் கோடும் இருக்கும். அந்தக் கோட்டில்தான் வெட்ட வேண்டும். வேறு இடத்தில் வெட்டினால் அந்தக் கண்ணி எரியாது.

பட்டையை எதில் ஒட்டுவது? அட்டையிலும் தெர்மாகோலிலும் ஒட்டாதீர்கள். எல்.இ.டி. சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். குண்டு பல்பு அளவுக்குச் சூடாகாது என்பதுதான் சரி. அந்தச் சூடு பின்பக்கம் போக வழி வேண்டும். வழியில்லாவிட்டால் ஒளி மங்கும், பசை விட்டுப் பட்டை தொங்கும். 2 அடிக்கு 1 அடி அலுமினியத் தகடு நல்லது. தகட்டைத் துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்துவிட்டு ஒட்டுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பசை மட்டும் நிற்காது. இரண்டு முனைகளிலும் பிளாஸ்டிக் கிளிப் போட்டுவிடுங்கள்.

ஐந்து துண்டுகளையும் ஒன்றன் பின் ஒன்றாக மாலை மாதிரி கோக்க வேண்டாம். ஏணி மாதிரி கோக்க வேண்டும். எல்லாத் துண்டுகளின் கூட்டல் குறி உள்ள முனைகளும் ஒரு சிவப்புக் கம்பியில் சேரட்டும். கழித்தல் குறி உள்ள முனைகள் ஒரு கறுப்புக் கம்பியில் சேரட்டும். அப்போது எல்லாத் துண்டும் ஒரே அளவு எரியும். நீளமாகக் கோத்தால் கடைசித் துண்டு மங்கலாக எரியும். ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர் இருந்தால் அது உறுதியானது. தெரியாதவர்கள் கிளிப் கனெக்டர் வாங்கலாம். வெட்டின முனையில் தெரியும் செம்பு தகட்டில் படக் கூடாது. அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

கூட்டலும் கழித்தலும் மாறிவிட்டால்? விளக்கு எரியாது, அவ்வளவுதான். அடாப்டரைக் கழற்றிவிட்டு மாற்றி மாட்டுங்கள்.

தகட்டை நான்கு மூலையிலும் சங்கிலி போட்டுத் தொங்கவிடுங்கள். கயிறும் போதும். செடி வளர வளர விளக்கை ஏற்ற வேண்டும். ஆகவே ஏற்றி இறக்க வசதி இருக்கட்டும். சுற்றிலும் வெள்ளைத் தாளோ வெள்ளைச் சாயம் பூசின பலகையோ நிறுத்தினால் பக்கவாட்டில் தப்பிப் போகும் வெளிச்சம் செடிக்குத் திரும்பும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, பயன் நிறைய.

செடியை வைக்கும் முன் இரண்டு மணி நேரம் எரியவிட்டு, தகட்டின் பின்பக்கத்தையும் அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் கணக்கில் எங்கோ பிசகு. அணைத்துவிட்டு அடாப்டரின் ஆம்பியரைப் பாருங்கள்.

தண்ணீரும் மின்சாரமும்

12 வோல்ட் நம்மை அடிக்காது. அடாப்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் 230 வோல்ட் ஆளைக் கொல்லும். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

அடாப்டர் செடிக்கு மேலே, தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருக்க வேண்டும். தட்டுக்கு அடியில் வைக்கக் கூடாது. தரையிலும் வைக்கக் கூடாது. தட்டிலிருந்து வழியும் தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் பாருங்கள். அந்த வழியில் ஒயரும் பிளக்கும் இருக்கக் கூடாது.

பிளக்குக்குப் போகும் ஒயர் நேராகப் போகக் கூடாது. பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும். ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பிளக்குக்குள் போகாது.

தண்ணீர் ஊற்றும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். பூவாளிக்குப் பதில் தட்டின் அடியில் தண்ணீர் விட்டால் மண் தானே உறிஞ்சிக்கொள்ளும். விளக்கில் தண்ணீர் படவே படாது.

வீட்டில் மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இ.எல்.சி.பி. என்று சொல்வார்கள். டெஸ்ட் என்று எழுதிய ஒரு பொத்தான் அதில் இருக்கும். மின்சாரம் கசிந்து ஆள் உடம்பில் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அது இல்லாத வீட்டில் முதல் செலவு அதற்காகத்தான் இருக்க வேண்டும். விளக்கு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

மின்கட்டணம்

தாளைத் திருப்பிப் போட்டு இந்தக் கணக்கையும் எழுதுங்கள்.

விளக்கு 29 வாட். அடாப்டரே கொஞ்சம் தின்னும். 34 வாட் என்று வைப்போம். 34 × 14 மணி நேரம் = 476. ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட். அப்படியானால் நாளுக்கு அரை யூனிட். மாதம் 15 யூனிட். கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பில் வருகிறது. அதில் 30 யூனிட் கூடும்.

ஒரு யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 105 ரூபாய். உங்கள் வீட்டுக்கு எத்தனை ரூபாய் என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும். புதிதாகச் சேரும் யூனிட்டுக்கு உங்கள் பில்லின் கடைசிப் படியில் என்ன விலையோ அதுதான் விழும். சராசரி விலையை எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

105 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? அந்தத் தட்டில் கீரை விதைத்தால் மாதத்துக்கு அதிகம் போனால் இரண்டு மூன்று கட்டு வரும். அது கடை விலையைவிடக் கூட. பூச்சிமருந்து அடிக்காத கீரை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கீரை என்று மனத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் காசு மிச்சமாகும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது நாற்றைப் பாருங்கள். அதே தட்டில் 98 குழி. மிளகாய் அல்லது கத்தரி விதை போட்டால் ஏறக்குறைய 35 நாளில் நடும் பருவம் வரும். கொஞ்சம் முளைக்காமல் போகும். 80 நாற்று தேறியது என்று வைப்போம். மின்சாரம் 120, 125 ரூபாய். நாற்று ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்! ஒரு வீட்டு மாடிக்கு 80 நாற்று எதற்கு? பத்து, பதினைந்து போதும். ஆக, இந்த விளக்கு ஒரு வீட்டுக்குப் பெரிசு. பத்து வீட்டுக்குச் சரி. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் ஒரு விளக்கு போட்டு, பட்டை, தகடு, மின்சாரச் செலவை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டால் கணக்கு நன்றாக வரும். விதைக்குக் கிருஷி பவனில் கேட்டுப் பாருங்கள்.

ஆகஸ்டில் விளக்கடியில் விதைத்தால் செப்டம்பரில் மழை குறையும் நேரத்துக்கு நாற்று தயாராக இருக்கும். மாடியில் விதைத்து மழைக்குப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த ஒரு மாதம் பெரிய விஷயம்.

இன்னும் ஒரு காரியம். மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஊர் முழுக்க மின்சாரம் அதிகம் செலவாகும். அந்த நேரத்தில் குறைத்துக்கொள்ளும்படி மின்வாரியம் கேட்டுக்கொள்வது வழக்கம். செடிக்குப் பகல் எது, இரவு எது என்று கடிகாரம் பார்க்கத் தெரியாது. நாம் வைத்ததுதான் பகல். விடிகாலை 4 மணிக்குப் போட்டு மாலை 6 மணிக்கு அணைத்தால் 14 மணி நேரம் ஆகிவிட்டது. நாமே எழுந்து போட வேண்டியதில்லை. பிளக்கில் மாட்டும் டைமர் கடைகளில் கிடைக்கிறது. இரவு முழுவதும் எரியவிட்டால் இன்னும் நன்றாக வளரும் என்று நினைக்காதீர்கள். பல செடிகளுக்கு இருட்டும் வேண்டும்.

செடி சொல்வதைக் கேளுங்கள்

விதை முளைக்கும் வரை விளக்கு வேண்டாம். முளை தெரிந்த அன்றே போட்டுவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நீள ஆரம்பித்துவிடும்.

லக்ஸ் அளக்கக் கைப்பேசியில் செயலி இருக்கிறது. சரியான எண் வராது, ஏறக்குறையத்தான் காட்டும். ஆனால் தட்டின் நடுவிலும் ஓரத்திலும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க அது போதும். ஓரத்தில் எப்போதும் குறைவாக இருக்கும். வாரம் ஒரு முறை தட்டைத் திருப்பி வையுங்கள்.

கைப்பேசியைவிட நாற்று நன்றாகச் சொல்லும். தண்டு நீண்டு மெலிந்தால் வெளிச்சம் போதவில்லை. விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். மேல் இலை வெளுத்து ஓரம் சுருண்டால் விளக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. நான்கு விரல் அளவு ஏற்றுங்கள். இலை பச்சையாக, தண்டு குட்டையாகத் தடித்து இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

தண்டின் அடி கறுத்து நாற்று சாய்ந்தால் வெளிச்சத்தைக் குறை சொல்ல வேண்டாம். தண்ணீர் அதிகம், காற்றோட்டம் குறைவு. ஒரு சின்ன மின்விசிறியைத் தூரத்தில் வைத்து இலை லேசாக அசையும்படி விடுங்கள்.

நாற்றை மாடிக்குக் கொண்டுபோகும்போது ஒரே நாளில் வெயிலில் வைத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கு வெயிலில் வளர்ந்த பிள்ளை அது. முதல் இரண்டு நாள் நிழலில் வையுங்கள். அடுத்த இரண்டு நாள் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஒரு வாரம் கழித்து நடுங்கள்.

தட்டு காலியானதும் விளக்கை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உலர்ந்த துணியால் பட்டையைத் துடைத்து வையுங்கள். தூசி படிந்த விளக்கு வெளிச்சத்தைத் திருடும். மிச்சம் வைத்த 2 மீட்டர் பட்டை இருக்கிறதே, அதில் 60 சென்டிமீட்டராக மூன்று துண்டு வரும். புதினாத் தொட்டி ஒன்றுக்கு அது தாராளம். அதற்கு எத்தனை ஆம்பியர் அடாப்டர் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டு எழுதிப் பாருங்கள்.